கல்யாணக் கார்டில் சுரண்டிய எழுத்து

அஜிதா மோளே,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் சொன்ன பதில் உண்மை இல்லை. நெய்யாற்றின்கரையில் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்துவிட்ட கல்யாணக் கார்டை வினோதின் அப்பா படம் பிடித்து உனக்கு அனுப்பியிருக்கிறார். பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், பிழை கண்ணில் பட்டால் விடமாட்டார். "இன்வைட்னு இருக்கு அப்பா, இன்வைட்ஸ்னு வரணும். அதுக்க பக்கத்துல என்னவோ சுரண்டினமாதிரி வேற இருக்கு, என்னாச்சு?" என்று நீ கேட்டாய். பிரஸ்காரன் செய்த கோளாறு என்று சொல்லி, வொர்க்ஷாப்பில் ஆள் வந்திருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். ஆள் யாரும் வரவில்லை. கழற்றிப் போட்ட ஒரு ஸ்கூட்டரின் பாகங்கள்தான் முன்னால் கிடந்தன. அதையும் எந்த வரிசையில் திருப்பிப் பூட்டுவது என்று மறந்துபோய்க் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிரஸ்காரன் பாவம், அவன் சரியாகத்தான் அடித்துக் கொடுத்தான். தப்பை நாங்கள் வீட்டில் வைத்துச் செய்தோம். ஏன் செய்தோம் என்பதைப் போனில் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் இந்தக் கடிதம்.

தமிழில் எழுதியிருக்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. நீ பள்ளியில் படித்தது மலையாளமும் இங்கிலீஷும். தமிழ் எழுத்தை, களியக்காவிளைப் பக்கம் போகும்போதெல்லாம் கடை போர்டுகளைக் காட்டி நான் சொல்லிக்கொடுத்ததுதான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். பைய வாசி. இடையில் சிக்கினால் வினோதிடம் கேட்க முடியாது, அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதுவும் ஒரு வகையில் நல்லதுதான், ஏனென்றால் இதில் அவனைப் பற்றியும் அவன் மகளைப் பற்றியும் எழுதவேண்டியிருக்கிறது.

நீ அனுப்பிய ஒரு மெசேஜில் இருந்துதான் எல்லாம் தொடங்கியது. பெங்களூரில் உன் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிற பையன் என்றும், மனைவி இறந்துபோனவன் என்றும் வினோதைப் பற்றி முன்பே சொல்லியிருந்தாய். அதை விழுங்கவே உன் அம்மைக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் வேண்டியிருந்தது. கடைசியில் "வந்து பாக்கட்டு" என்று அவள் சொன்ன பிறகு நீ எனக்கு இங்கிலீஷில் ஒரு வரி அனுப்பினாய். வினோத் அலாங் வித் மின்னு இஸ் கமிங் ஆன் சண்டே. நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அடுப்படியில் இருந்து உன் அம்மை "எத்தன பேரு வாறாவ?" என்று கேட்டாள். சோறு வைக்கிறவளுக்கு அதுதானே தெரியவேண்டும்.

"ஒருத்தன்தான்" என்றேன். "இஸ் போட்டிருக்கா. ரெண்டு பேருன்னா ஆர் போட்டிருப்பா. இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவளாக்கும்."

"அப்ப யாரு இந்த மின்னு?"

"காருக்க பேரா இருக்கும். இப்பத்த பிள்ளைய வண்டிக்கெல்லாம் பேரு வைக்குதுவளே."

நீ சிரிக்கலாம். என் வொர்க்ஷாப்புக்கு வருகிற பைக்குகளின் டேங்கில் எழுதியிருக்கும் பெயர்களைப் பார்த்தால் நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஒருவர் என்றால் இஸ், பலர் என்றால் ஆர் என்பதுதான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் இலக்கணம். அதை மட்டும் நான் உறுதியாக நம்பியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்து நின்றதும் முன்கதவு திறந்து வினோத் இறங்கினான். பின்கதவைத் திறந்து மஞ்சள் கவுன் போட்ட ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கி இறக்கினான். வளைவுப் பாதையில் வந்ததில் அதற்குத் தலைசுற்றிப்போய், இறங்கிய இடத்திலேயே ஒக்காளித்து வாந்தியெடுத்தது. உன் அம்மை இத்தனை வருஷம் அங்கன்வாடியில் ஆயாவாக இருந்தவள். யார், என்ன என்று ஒன்றும் கேட்காமல் ஓடிப்போய்க் குழந்தையை இடுப்பில் வைத்து, குழாயடிக்குக் கொண்டுபோய், முகம் கழுவி, வாய் கொப்பளிக்க வைத்து, தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் தலையைத் தூக்கி, "இது யாருக்க கொச்சு?" என்று கேட்டாள்.

"என்றெ மோளா, அம்மே" என்றான் வினோத். "அஜிதா பறஞ்ஞில்லே?"

உன் அம்மை மின்னுவின் கவுனில் ஈரம் பட்ட இடத்தைப் பிழிந்துவிட்டு, அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போனாள். அவர்கள் புறப்படும்வரை வெளியே வரவே இல்லை. சோறு நான்தான் பரிமாறினேன். எந்தக் கிண்ணத்தில் புளிசேரி, எதில் சாம்பார் என்றுகூடத் தெரியாமல் மாற்றி மாற்றி ஊற்றினேன். வினோத் ஒன்றும் தெரியாதவன்போல எல்லாவற்றையும் சாப்பிட்டான். நல்ல பையன் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. ஆனால் அதைச் சொல்லுகிற நேரம் அது இல்லை.

அன்று சாயங்காலம் உன்னிடம் பேசினோம். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "நான் மெசேஜ்ல போட்டிருந்தேனே" என்று நீ சொன்னாய். ஆர் போடவில்லையே என்று நான் கேட்டதற்கு, கோபமே இல்லாமல், டீச்சர் மாதிரி விளக்கினாய். "இஸ்தான் சரி அப்பா. அலாங் வித்னு வந்தா, அதுக்குப் பின்னால வாறவங்க கணக்குல இல்ல. முன்னால நிக்கவங்கள மட்டும்தான் வெர்ப் பாக்கும்." நீ இலக்கணம்தான் சொன்னாய். ஆனால் பக்கத்தில் நின்ற உன் அம்மையின் காதில் விழுந்தது இலக்கணம் இல்லை. "கணக்குல இல்லியாம்" என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டாள். நீ மின்னுவைப் பற்றி எங்களிடம் சொல்ல பயந்தாய், சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும் என்றும் பயந்தாய், அதனால் சொன்னமாதிரியும் சொல்லாதமாதிரியும் ஒரு வரி எழுதி அனுப்பினாய். எனக்கு அது அப்போது புரியவில்லை. பிறகு புரிந்தது. உன்மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் நான் எப்படிப்பட்டவன் என்பதையும் கேள். அதே வேலையை நானும் உன் கல்யாணக் கார்டில் செய்தேன்.

உன் அம்மையின் மனது எனக்கு இன்றைக்கும் முழுதாகப் பிடிபட்டதில்லை. ஊரில் உள்ள குழந்தைகளுக்கெல்லாம் கஞ்சி கொடுத்து, மூக்கு துடைத்து, தூங்க வைத்தவள். இந்த ஒரு குழந்தையை மட்டும் ஏன் ஏற்க முடியவில்லை என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "அது நான் சம்பளத்துக்குச் செஞ்ச வேல" என்றாள். "எனக்க மோளுக்கும் அதே வேலையா? அவ நர்ஸிங் படிச்சது வேற ஒருத்திக்க கொச்சுக்கு முடி பின்னதுக்கா?" அதற்குள் நீயும் வினோதும் தேதி குறித்துவிட்டீர்கள், மண்டபமும் சொல்லியாகிவிட்டது. அப்போது அவள் எடுத்த முடிவு இதுதான். "நடத்துங்க. நான் தடுக்கல்ல. ஆனா நான் யாரையும் விளிக்கமாட்டேன்." நீ அழைக்கவில்லை என்றால் கார்டில் பெயரும் போடவேண்டாமா என்று கேட்டேன். "பேரு இல்லேன்னா ஊரு சிரிக்கும். பேரு போடுங்க. ஆனா நான் விளிச்சதா ஆவக்கூடாது."

இதை எப்படி அச்சடிப்பது? பாறசாலை ஸ்டேஷன் ரோட்டில் கார்டு அடிக்கிற கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் இருந்த பெண் வரிசையாக மாதிரிகளைக் காட்டினாள். எல்லாவற்றிலும் அப்பன் அண்ட் அம்மை சேர்ந்தே அழைத்தார்கள். நான் என் சிக்கலைச் சொன்னதும் அவள் கீபோர்டில் இருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பேரு வேணும், பட்சே விளிக்கண்டா. அது எங்ஙன அங்கிளே?" அப்போதுதான் நீ சொன்ன இலக்கணம் எனக்கு ஞாபகம் வந்தது. பின்னால் வருகிறவர் கூடவே நிற்பார், ஆனால் கணக்கில் இல்லை. உன் அம்மை கேட்டது அச்சு அசல் இதுதானே! இங்கிலீஷ்காரன் எங்கள் வீட்டு நிலைமை தெரிந்து செய்துவைத்தமாதிரி இருந்தது.

இருந்தாலும் தப்பு வந்துவிடக்கூடாதே என்று நாலு பேரிடம் விசாரித்தேன். விசாரித்ததில்தான் என் தலை குழம்பிப்போனது. வொர்க்ஷாப்புக்கு வருகிற ஒரு டியூஷன் மாஷ், போலீஸ் என்றால் எப்போதும் ஆர் என்றார், ஒரே ஒரு போலீஸ்காரர் நின்றாலுமா என்று கேட்டேன், அது வேறு விஷயம் என்றார். நியூஸ் என்றால் எத்தனை செய்தி இருந்தாலும் இஸ். கத்தரிக்கோல் ஒன்றே ஒன்று இருந்தாலும் ஆர். இவனோ அவனோ என்று சொன்னால் வெர்ப் தனக்குப் பக்கத்தில் நிற்கிறவனைப் பார்த்துக்கொள்ளுமாம், தூரத்தில் நிற்கிறவன் யாராக இருந்தாலும் கண்டுகொள்ளாதாம். ரொட்டியும் வெண்ணெயும் சேர்ந்து ஒரே சாப்பாடு என்றால் இரண்டுக்கும் சேர்த்து இஸ். அப்படியானால் கஞ்சியும் பயறும் இஸ்ஸா என்று கேட்டேன். ஆமாம் என்றார். இத்தனை வருஷம் ஒரே கூரையின்கீழ் இருக்கிற கணவனும் மனைவியும் இஸ்ஸா ஆரா என்று கேட்டேன். மாஷ் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். குடும்பம் என்ற சொல்லுக்கு வேறொருவர் சொன்னது இன்னும் குழப்பம். குடும்பம் ஒற்றுமையாக இருந்தால் இஸ், ஆளுக்கொரு பக்கம் நின்றால் ஆர் போடலாமாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, உன் அம்மை ஒரு மூலையிலும் நான் ஒரு மூலையிலும் சாப்பிட்டபோது, நாங்கள் இஸ்ஸா ஆரா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மீன் முள்ளைக்கூட கவனிக்கவில்லை.

கடைசியில் அலாங் வித் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே பேச்சாக இருந்தார்கள். கார்டு அடித்து வந்தது. என் பெயர், அலாங் வித் வசந்தா, கார்டியலி இன்வைட்ஸ். தங்க நிற எழுத்து. உன் அம்மையிடம் காட்டி விளக்கினேன். "கடைசியில எஸ் இருக்கு பாத்தியா, அதுனால விளிக்கது நான் ஒருத்தன்தான். நீ கூட நிக்க, அவ்வளவுதான்." அவள் கார்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அது போதும்" என்றாள். எனக்கு ஒரே பெருமை. இரண்டு பக்கமும் யாருக்கும் நோகாமல் ஒரு காரியத்தை முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகு வீடு வீடாகப் போனோம். நான் மட்டும் போனால் கேள்வி வரும் என்பதால் அவளும் கூடவே வந்தாள். அங்கேதான் நான் ஒன்றைக் கவனித்தேன். உனக்குத் தெரியும், நம் ஆட்கள் வீட்டில் உன் அம்மை தமிழ்தான் பேசுவாள். ஆனால் இந்த முறை போன இடமெல்லாம் மலையாளத்தில் ஆரம்பித்தாள். "கல்யாணம் க்ஷணிக்கான் வந்நதா" என்பாள், கார்டை நீட்டுவேன், முடிந்தது. மூன்று நான்கு வீடு கழிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அழைக்க 'வந்நது' என்றால் யார் வந்தது? நானா, அவளா, இரண்டு பேருமா? மலையாளத்தில் வினைச்சொல் யாரையும் காட்டிக்கொடுக்காது. தமிழில் பேசினால் வாயைத் திறந்ததும் வந்திருக்காரா, வந்திருக்கோமா என்று சொல்லியே ஆகவேண்டும். பொய் சொல்லவும் அவளுக்கு மனதில்லை, ஊர் முன்னால் உண்மையைச் சொல்லவும் மனதில்லை. எல்லைப்புறத்தில் பிறந்ததால் அவளுக்கு ஒளிந்துகொள்ள இன்னொரு பாஷை இருந்தது. அப்பாவும் மகளும் இங்கிலீஷில் ஒளிந்துகொண்டோம், அவள் மலையாளத்தில் ஒளிந்துகொண்டாள். ஒரே வீட்டில் மூன்று பேர் இப்படி என்றால் யாரைக் குறைசொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

திருப்புறத்தில் லலிதா சித்தி வீட்டுக்குப் போன அன்றுதான் எல்லாம் தலைகீழானது. லலிதா உன் அம்மைக்குச் சித்தப்பா மகள், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுக்கிறவள் என்று உனக்கே தெரியும். அங்கே அவள் கணவன் வீட்டு ஆட்களும் இருந்தார்கள். கணவனின் தம்பி கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்க பேரு இருக்கு, இன்வைட்ஸ்னு போட்டிருக்கியளே, பிரஸ்ல தப்பாயிட்டு போல" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் லலிதா கார்டைப் பிடுங்கிப் படித்தாள். முகம் மலர்ந்துபோனது.

"தப்பில்ல, இதுதான் சரி! முக்காவாசி கார்டுல இது தப்பாட்டுதான் வரும். அத்தான், யாரு எழுதித் தந்தா? அலாங் வித் வந்தா பின்னால உள்ள ஆளு சப்ஜெக்ட்ல சேராது. விளிக்கது அத்தான் மட்டும்தான். அக்கா சும்மா கூட நிக்கா."

"அப்ப வசந்தா விளிக்கல்லியா?" என்று அந்தத் தம்பி கேட்டார்.

"கிராமர்படி இல்ல" என்று லலிதா சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு உள்விஷயம் ஒன்றும் தெரியாது. உன் அம்மையும் சிரிப்பதுபோல உதட்டை விரித்தாள். டீயை முழுதாகக் குடிக்காமல் வைத்துவிட்டாள். நான் அவளைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டதைத்தானே செய்தேன், பிறகு ஏன் என் உடம்பு கூசியது என்று இப்போதும் யோசிக்கிறேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். நெய்யாற்றின்கரை தாண்டிய பிறகு மெதுவாகக் கேட்டாள். "அந்தக் கொச்சு வந்தப்ப அவ போட்ட மெசேஜ்லயும் இதே அலாங் வித்தானா?"

"ஆமா."

"நான் நிக்க எடத்துலதான் அதுவும் நின்னுதா?"

"ஆமா" என்றேன்.

"காருல கூட வந்து, ஒக்காளிச்சு, எனக்க கையில முகமும் கழுவிட்டுப் போச்சு. அதுக்கப்புறமும் கணக்குல இல்லியா?" என்றாள். அவள் என்னைக் கேட்டாளா, தன்னையே கேட்டாளா என்று தெரியவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த அவள் கையைப் பிடிக்கலாமா என்று நினைத்தேன். பஸ்ஸில் தெரிந்தவர்கள் இருந்தார்கள், பிடிக்கவில்லை.

மறுநாள் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் பேப்பரை விரித்து, கொடுக்காமல் மிச்சம் இருந்த கார்டுகளை எல்லாம் பரப்பிவைத்து, ஒரு பிளேடை வைத்துக்கொண்டு உன் அம்மை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சுத்தமான துணி. எஸ் என்ற எழுத்தை மட்டும் நுனியில் இருந்து பைய சுரண்டி, ஊதி, துடைத்து, ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அங்கன்வாடிச் சுவரில் ஒட்டியிருக்கும் ஏபிசிடி படம் எஸ்ஸைக் கண்டுபிடிக்க அவளுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

"எஸ்ஸ எடுத்தா இங்கிலீஷ் தப்பாவுமே" என்றேன். எனக்கு வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "லலிதா சிரிப்பா."

"நேத்து சரியாத்தானே இருந்து. அதுக்கும் சிரிச்சாளே" என்றாள். "அந்த அலாங் வித்த எடுக்கத்தான் பாத்தேன். அது நீளமா கெடக்கு, சுரண்டினா கார்டு கிழியும். இது ஒரு எழுத்துதானே."

"அப்ப நீ விளிக்கியா?"

அவள் அடுத்த கார்டை எடுத்தாள். "நிண்ணு பாத்தா வேல தீராது. இன்னொரு பிளேடு அலமாரியில இருக்கு" என்றாள். நானும் உட்கார்ந்தேன். ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு அந்த வேலை வரவில்லை. நான் சுரண்டியதில் சிலது வெளுத்துப்போனது, சிலதில் பக்கத்து எழுத்தும் கொஞ்சம் போனது. உன் மாமனார் கையில் கிடைத்தது நான் செய்ததாகத்தான் இருக்கும். அவளுடையதில் சுரண்டியதே தெரியாது. மனது மாறிவிட்டதா என்று இடையில் ஒரு தடவை கேட்டேன். "மாறவும் இல்ல ஒண்ணும் இல்ல. அவ எங்கிட்ட செல்லாம இருந்தது தப்புதான், அது எனக்கு மறக்காது. அது வேற, இது வேற" என்றாள். எது வேறு, எது இது என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் அவளுக்கே சொல்ல வந்திருக்குமா என்று சந்தேகம்.

அதற்கு அடுத்த நாள் அம்பூரிக்குப் போனோம், உன் மாமனைப் பார்க்க. அவரைத் தெரியும் அல்லவா, ரப்பரையும் மழையையும் தவிர எதைப் பற்றியும் நல்ல வார்த்தை சொல்லாத மனிதர். தங்கச்சி மேல் பாசம் உண்டு, வாய்தான் மோசம். நான் கார்டை எடுப்பதற்குள் உன் அம்மை பையில் இருந்து எடுத்து நீட்டினாள். "அண்ணா, அஜிதாவுக்குக் கல்யாணம். விளிக்க வந்திருக்கோம்" என்றாள். தமிழில் சொன்னாள். என் காதில் அந்த 'வந்திருக்கோம்' விழுந்ததும் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாங்கெட்டுக்காரன்னு கேட்டேன்" என்றார் மாமன். "வேற எடமே கிட்டல்லியா?"

"ஆமா, மொத கெட்டியவ செத்துப்போனா. ஒரு பெண்கொச்சும் உண்டு. மின்னுன்னு பேரு. கல்யாணத்தன்னைக்கு மேடையில மாப்பிளைக்கும் பொண்ணுக்கும் நடுவுல நிப்பா. அங்க வந்து பாத்து நீ கண்ணத் தள்ளக்கூடாது, யாருக்கதுன்னு சத்தமா கேக்கவும் கூடாது. அதுக்குத்தான் இப்பவே செல்லுகேன்."

மாமன் கார்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு மாமியிடம் காப்பி போடச் சொன்னார். மின்னு மேடையில் நிற்பாள் என்று யார் முடிவு செய்தது, எப்போது செய்தது என்று எனக்குத் தெரியாது. வினோதிடம் அவள் பேசினாளா? உன்னிடம் பேசினாளா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வீட்டில் எல்லாம் தெரிந்தவன்போல நானும் தலையாட்டினேன்.

மோளே, கல்யாணத்துக்கு முன் அப்பன் மகளுக்குப் புத்தி சொல்வது வழக்கம். நான் சொல்ல வந்தால் எல்லாம் இப்படித்தான் குழம்பிக் கிடக்கிறது. ஆனாலும் ஒன்று மட்டும் சொல்கிறேன். வருகிறவர்கள் யார் யார் என்பதை வாயைத் திறந்து சொல்லிவிடு. பயமாக இருந்தாலும் சொல். நீ அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சொல்லியிருந்தால் உன் அம்மை அழுதிருப்பாள், கத்தியிருப்பாள், ஆனால் அந்தக் குழந்தை வருவதற்குள் அழுது முடித்திருப்பாள். அவளுக்கு இருந்த பெரிய வருத்தம், ஒரு குழந்தையின் முன்னால் தான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டிவந்ததே என்பதுதான். அதை அவள் என்னிடம் சொன்னதில்லை. நானாக நினைக்கிறேன். தப்பாகவும் இருக்கலாம். நீயும் வினோதும் பேசிக்கொள்ளும்போது 'நம்ம' என்று சொன்னால் அதில் மின்னுவும் உண்டு என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியவேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இலக்கணம் தெரியாது, ஆனால் தன்னைச் சேர்த்தார்களா விட்டார்களா என்பது உடனே தெரிந்துவிடும். இதை அங்கன்வாடியில் வேலை பார்த்தவளின் புருஷனாகச் சொல்கிறேன். அதேபோல நீயும் எந்தக் காரியத்திலும் யாருக்கும் பின்னால் கூட நிற்கிறவளாக மட்டும் ஆகிவிடாதே. உன் அம்மை கோபத்தில் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள், நானும் சந்தோஷமாக அச்சடித்துக் கொடுத்தேன். பிறகு அதைச் சுரண்டி எடுக்க எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு மதியம் முழுவதும் ஆனது.

உன் மாமனாரிடம் என்ன சொல்வது என்று நீயே முடிவு செய். அச்சுப்பிழை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். இலக்கணத்தில் அவர் சொல்வதுதான் சரி, அதில் சண்டை போடாதே.

கடைசியாக ஒன்று. நீங்கள் மூன்று பேரும் ரயிலில் வந்து இறங்குகிற அன்றைக்கு என்ன சமைப்பது என்று இங்கே பெரிய யோசனை நடக்கிறது. மின்னு எரிவும் காரமும் தின்பாளா, சாளை மீன் முள்ளெடுத்துக் கொடுத்தால் தின்பாளா, அல்லது வெறும் மோரும் சோறும்தானா என்று உன் அம்மை காலையில் இருந்து என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்? அஜிதாவிடமே போனில் கேளேன் என்றால், "அவ விளிக்கட்டு" என்கிறாள். உன் மேல் உள்ள கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. எனக்கு விளிக்காதே. அம்மைக்கு விளி.

அப்பா